முழு டிக்கெட் வாங்கிய சூனியக்காரி

எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அது ஊரறிந்த விஷயம். என் தாத்தா தன்னுடைய திருமணத்துக்குப் பாதிரியாருக்கு முன்பே போய்க் கோயில் கதவைத் திறந்து வைத்தவர். என் அப்பா சாகும்போதுகூட மருத்துவர் சொன்ன நாளைத் தாண்டவில்லை. இதைத் தெரிந்துகொண்டால்தான், ஏரிக்கரை மூன்று நாட்டுப் பயணிகள் ரயில் ஒருங்கிணைப்பு மன்றம் எங்கள் பெயரை எதனோடு சேர்க்கப் பார்த்தது, நான் ஏன் அன்று அப்படி நடந்துகொண்டேன் என்பது விளங்கும்.

எங்கள் ஊர் மிட்டல்ரீட். ரைன் ஆறு போடன் ஏரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஆஸ்திரியப் பக்கம். ஏரியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களைப் போலவே நாங்களும் சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறு விறகைக் கோபுரமாக அடுக்கிச் சொக்கப்பனை கட்டுவோம். உச்சியில் ஒரு வைக்கோல் சூனியக்காரியை உட்கார வைத்துக் கொளுத்துவோம். அவள் வயிற்றில் வெடிமருந்து இருக்கும். நெருப்பு ஏறி அவள் வெடித்தால் பனிக்காலம் செத்தது. அதற்கு முன் கோபுரம் சரிந்தால் ஊர் மானம் செத்தது.

நான்கு தலைமுறையாகச் சூனியக்காரி எங்கள் ஷெர்ட்லர் வீட்டிலிருந்துதான் போகிறாள். நிபந்தனை ஒன்றுதான். மாலை மணி அடித்து ஓய்வதற்குள் அவள் கோபுரத்தின் அடியில் இருக்க வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் அந்த உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு கிராபர் வீடு. அவர்கள் கடையில் வாங்கிய பொம்மை ஒன்றைக் கார் டிக்கியில் வருஷா வருஷம் தயாராக வைத்திருப்பது ஊருக்கே தெரியும். கடையில் வாங்கியது என்பதை இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

அவளைத் தைப்பவள் என் தங்கை ஒட்டிலியா. ஏரியின் தென்கரையில், சுவிஸ் பக்கம் ரோர்ஷாக்கில் வாழ்க்கைப்பட்டவள். நான் காரில் போய்ச் சூனியக்காரியை அழைத்து வருவது வழக்கம். இந்த வருஷம் என் கண்ணைப் பற்றி மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே நானே ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிறர் காரைக் கேட்டு நிற்பது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே ரயில்.

ரயில் என்றால் மன்றம். மன்றம் போன வருஷம் தொடங்கப்பட்டது. ஏரிக்கு மூன்று நாடுகள், கரையைச் சுற்றி ஓடும் ரயில் ஒன்று. எல்லைகளை மக்கள் மறக்க வேண்டும் என்பது மன்றத்தின் நோக்கம். அதற்கு முன்பெல்லாம் எல்லை எப்போது வந்து போனது என்று பயணிகள் கவனித்ததே இல்லை. இப்போது, எல்லையை நாம் மறந்துவிட்டோம் என்பதை நினைவூட்டுவதற்காக ஒவ்வோர் எல்லையிலும் ரயிலை நிறுத்துகிறார்கள்.

அவர்களுக்குத் தீராத பிரச்சினை தாமதம். தாமதம் எது என்பதில் மூன்று நாடுகளுக்கும் ஒத்துப்போகவில்லை. நடத்துனர் கடிகாரத்தைப் பார்க்க நேர்ந்தாலே சுவிஸ்காரர்களுக்கு அது தாமதம். எங்கள் ஆஸ்திரியர்களுக்கு, கையிலிருக்கும் காபி தீர்ந்தும் ரயில் வராவிட்டால் தாமதம். ஜெர்மானியர்களுக்கு, எப்போது வரும் என்று கேட்பதைப் பயணிகள் விட்டுவிட்ட பிறகுதான் தாமதம். இதனால் ஒரே ரயில் தென்கரையில் தாமதமாகவும் கிழக்குக்கரையில் சரியாகவும் வடகரையில் சற்று முன்னதாகவும் ஓடிக்கொண்டிருந்தது. மன்றம் இதை ஒரு சாதனையாகத் தன் ஆண்டு மலரில் அச்சிட்டிருந்தது.

ஞாயிறு மதியம் ஒட்டிலியா சூனியக்காரியைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். சிவப்புத் தலைத்துணி, மூக்கில் மரு, கையில் விளக்குமாறு. நல்ல வேலைப்பாடு.

"ரயில்ல ஏறினதும் மேல சாமான் வைக்கிற எடத்துல படுக்க வச்சிடுண்ணா. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"முகம் இருக்கு இவளுக்கு. முகம் இருக்கறவங்க உக்காந்துதான் வரணும்."

"அப்ப மடியில வச்சுக்கோ."

"எழுபத்தெட்டு வயசுல, மூணு நாட்டுக்காரனும் பாக்க, நான் ஒரு பொம்பளைய மடியில வச்சுக்கிட்டுப் போகணுமா?"

"அதுவும் சரிதான். கட்டினவளையே நீ அப்படி உக்கார வச்சதில்ல" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு டிக்கெட் கேட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயா, அது பொம்மைங்க."

"அவ உக்கார ஒரு சீட்டு வேணுமா, வேண்டாமா?"

"உக்கார வச்சீங்கன்னா வேணும்."

"அப்ப டிக்கெட்டும் வேணும். எங்க வீட்டிலேர்ந்து யாரும் டிக்கெட் இல்லாம ரயில் ஏறினதில்ல."

அவர் பெருமூச்சு விட்டார். "வயசு என்னங்க?"

"செவ்வாய்க்கிழமைதான் தச்சு முடிச்சாங்க."

"அப்ப குழந்தைக் கணக்கு. இலவசம்."

"இவளப் பாத்தா குழந்தையாவா தெரியுது?"

அவர் அந்த மருவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் முழு டிக்கெட் அடித்துக் கொடுத்தார். சரியான காரியம் செய்தோம் என்ற நிறைவோடு நான் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பின்னால் வந்ததெல்லாம் அந்த ஒரு டிக்கெட்டால் வந்தது. ஆனாலும் நாளைக்கே மறுபடி போனாலும் நான் முழு டிக்கெட்தான் வாங்குவேன்.

ரயில் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. புறப்படவில்லை. அன்று மன்றத்தின் முதலாம் ஆண்டு விழாவாம். நடைமேடையில் பேண்டு வாத்தியம். மேடையில் மன்றத் தலைவர் டாக்டர் எக்பெர்ட் ஹாகன்மூலர், மூன்று நாட்டுக் கொடிகளின் நிறங்களும் கலந்த பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்து பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளைக் கையுறை போட்ட மூன்று பிரதிநிதிகள், நாட்டுக்கு ஒருவர்.

"அன்பார்ந்த ஏரிவாசிகளே! ஓராண்டுக்கு முன்பு இந்த ரயில் வெறும் ரயிலாக ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஊரில் ஏற்றிக்கொண்டது, இன்னோர் ஊரில் இறக்கிவிட்டது. அதற்குப் பின்னால் எந்தச் சிந்தனையும் இல்லை! இன்றோ, இது ஓடினாலும் ஓடாவிட்டாலும், இதன் பின்னால் பதினோரு குழுக்கள் இருக்கின்றன. ரயிலை ஓட்ட யாராலும் முடியும். ரயில் ஓடாததை மூன்று நாடுகள் சேர்ந்து நிர்வகிப்பது, அதுதான் ஐரோப்பா!"

கைதட்டினார்கள். நானும் அவளும் படியேறினோம். அவளுடைய விளக்குமாறு கதவிடுக்கில் ஒருமுறை மாட்டிக்கொண்டது. கதவு தானாகத் திறந்து மறுபடி மூடியது. அதன் பிறகும் தலைவர் நெடுநேரம் பேசினார். இதை நான் இங்கே குறித்து வைப்பதற்குக் காரணம் உண்டு.

ஒருவழியாக ரயில் புறப்பட்டது. தலைவரும் பிரதிநிதிகளும் பேண்டுக்காரர்களும் ஏறிக்கொண்டார்கள். நடத்துனர் ரெகுலா லோசர் என்ற சுவிஸ் அம்மாள் டிக்கெட் பார்க்க வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். என் டிக்கெட்டைப் பார்த்தார், அவள் டிக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இந்த வண்டியில இன்னிக்கு ஒழுங்கா உக்காந்திருக்கற ஒரே ஆளு இவங்கதான்" என்று சொல்லிவிட்டு இரண்டு டிக்கெட்டிலும் துளை போட்டுக் கொடுத்தார்.

எல்லைக்கு முன் கடைசி ஸ்டேஷன் செயின்ட் மார்கிரேத்தன். அங்கே ரயில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆற்றங்கரை தெரிகிறது. அதைத் தாண்டினால் எங்கள் நாடு. சூரியன் ஏரிப் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"ஏம்மா நிக்குது?" என்று கேட்டேன்.

"தாமத ஒப்படைப்பு" என்றார் லோசர் அம்மாள். "லேட்டான வண்டிய ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அப்படியே குடுக்க முடியாதாம். லேட்டு யாருதுன்னு முடிவாகணும்."

நடைமேடையில் இரண்டு பிரதிநிதிகள் எதிரெதிரே நின்றார்கள். பேண்டு ஒரு சிறு இசை வாசித்து நிறுத்தியது.

"ரயில ஒப்படைக்கிறோம்" என்றார் சுவிஸ் பிரதிநிதி.

"வாங்கிக்கறோம். கூட வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் ஆஸ்திரியர். அவர் கையில் ஒரு காபிக் கோப்பை இருந்தது.

"தாமதம் ஒண்ணு இருக்கு. ஆனா அது எங்களுது இல்ல. எங்க ஊர்ல தாமதம் பொறக்கறதில்ல."

"எங்களப் பொறுத்தவரை அது இன்னும் தாமதமே ஆகல. பாருங்க, பாதிக் காபி இருக்கு. ஆகாத ஒண்ண எப்படிங்க வாங்கிக்கறது?"

"எவ்வளவு நேரமா அதையே கையில வச்சிருக்கீங்க! குடிச்சுத் தொலையுங்களேன்!"

"அது எங்க உள்நாட்டு விவகாரம்."

ஜெர்மானியப் பிரதிநிதி பார்வையாளராக வந்திருந்தார். "எங்க கணக்குப்படி இந்த வண்டி கொஞ்சம் சீக்கிரமாவே வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் வாழ்த்துகள்" என்றார்.

பேண்டு மறுபடி வாசித்தது. மறுபடி ஒப்படைத்தார்கள். மறுபடி அதே பேச்சு. எதிர் இருக்கையில் இருந்த ஒரு பெண் சாண்ட்விச்சைப் பிரித்தாள். அவள் இந்த ரயிலில் அடிக்கடி வருபவள் என்று தெரிந்தது, இரண்டு கொண்டு வந்திருந்தாள்.

கடைசியில் ஹாகன்மூலர் கையை உயர்த்தினார். "தாமதம் ஒரு நாட்டுக்குச் சொந்தமா இருந்தாத்தானே சண்டை? விதியில இன்னொரு வழியும் இருக்கு. அது ஒரு பயணிக்குச் சொந்தமா இருக்கலாம்."

மூன்று பிரதிநிதிகளும் ரயிலுக்குள் ஏறிப் பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். எல்லாப் பயணிகளும் ஏதாவது ஒரு நாட்டுக்காரர்களாக இருந்தார்கள். சுவிஸ்காரர் என்றால் சுவிஸ் பிரதிநிதி மறுத்தார், ஆஸ்திரியர் என்றால் ஆஸ்திரியப் பிரதிநிதி மறுத்தார். அப்படியே எங்கள் பெட்டிக்கு வந்தார்கள்.

"ரோர்ஷாக்கில கதவு ஒரு தடவ திரும்பத் தெறந்துச்சே, அது யாரால?" என்று கேட்டார் சுவிஸ்காரர்.

"இவளோட விளக்குமாறு மாட்டிக்கிச்சு" என்றேன். நடந்ததை நடந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. "ஆனா அப்ப வண்டி கெளம்பவே இல்ல. உங்க தலைவர் பேசிக்கிட்டிருந்தாரு."

"தலைவர் உரை தாமதத்துல சேராது. அது நிகழ்ச்சி நிரல்ல இருக்கு" என்றார் ஹாகன்மூலர். பிறகு அவளை நன்றாகக் கவனித்தார். "இது பயணியா, சாமானா?"

"முழு டிக்கெட் இருக்குங்க. நான்தான் துளை போட்டேன். பயணிதான்" என்றார் லோசர் அம்மாள்.

"எந்த நாடு?"

நான் உள்ளதைச் சொன்னேன். "வைக்கோல் லிண்டாவ் பக்கம், ஜெர்மனியில அறுத்தது. துணியும் தையலும் சுவிஸ். எரியப் போறது ஆஸ்திரியாவுல."

ஹாகன்மூலர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "ஒரு வருஷமா இப்படி ஒருத்தரத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். "மூணு நாட்டுக்கும் சேர்ந்த ஆளு. உண்மையான ஏரிவாசி!"

"அப்ப தாமதம் இவங்களுது" என்றார் சுவிஸ்காரர்.

"இவங்களுதுதான்" என்றார் ஆஸ்திரியர், காபியைச் சிந்தாமல்.

"எதிர்ப்பு இல்ல" என்றார் ஜெர்மானியர்.

மன்றம் தொடங்கிய நாள் முதல் மூவரும் ஒரே நேரத்தில் தலையாட்டியது அதுதான் முதல் முறை என்று பிறகு கேள்விப்பட்டேன். பேண்டுக்காரர்களுக்குச் சைகை காட்டினார்கள். ஹாகன்மூலர் என் பக்கம் திரும்பினார்.

"இவங்க குடும்பப் பேர் மட்டும் சொல்லுங்க. ஏரியச் சுத்தி எல்லா ஸ்டேஷன்லயும் அறிவிக்கணும். இன்னார் வீட்டாரால இந்த ரயில் தாமதம்னு. அறிவிச்ச உடனே கெளம்பிடும்."

எனக்கு முதுகு நிமிர்ந்தது. எல்லா ஸ்டேஷனிலும், நான் இறங்க வேண்டிய ப்ரெகென்ஸ் ஸ்டேஷனையும் சேர்த்து. கிராபரின் மருமகள் அங்கேதான் ஸ்டேஷன் காபிக்கடையில் வேலை செய்கிறாள்.

"சொல்ல முடியாது" என்றேன்.

"ஏங்க?"

"எங்க வீட்டுப் பேரும் தாமதங்கற சொல்லும் ஒரே வாக்கியத்துல வந்ததில்ல. இனிமேலும் வராது."

"பேரில்லாம அறிவிக்க முடியாதுங்க. அப்புறம் முழு மன்றமும் கூடித்தான் முடிவெடுக்கணும். அது வியாழக்கிழமை."

"சாயங்கால மணி அடிக்கறதுக்குள்ள இவ மிட்டல்ரீட்ல இருந்தாகணும்."

"அப்ப பேரச் சொல்லிடுங்க" என்றார், மிகுந்த கனிவோடு.

பேரைச் சொன்னால் குடும்ப மானம் போகும். சொல்லாவிட்டால் மணி அடித்துவிடும், உரிமை கிராபர் வீட்டுக்குப் போகும், அப்படியும் மானம் போகும். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கைத்தடியின் மேல் கைகளை வைத்துக்கொண்டேன். வெளியே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது.

ஹாகன்மூலர் எதிரே உட்கார்ந்தார். அவரும் களைத்திருந்தார். குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, எங்க நிலைமையையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு காரணமும் சொல்லாம இந்த வண்டி கெளம்பிடுச்சுன்னு வைங்க. காரணமே இல்லாம ரயில் ஓடலாம்னு ஜனங்க நெனச்சிடுவாங்க. அப்புறம் எங்கள எதுக்கு வச்சிருக்காங்கன்னு கேப்பாங்க. எனக்கு மூணு நாட்டுல மூணு ஆபீஸ் இருக்கு. மூணுலயும் என் படம் மாட்டியிருக்கு. இறக்கறது லேசா?"

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் என்னை மிகவும் சோர்வடையச் செய்தது.

அவர்கள் விதி ஆராய அடுத்த பெட்டிக்குப் போனார்கள். லோசர் அம்மாள் மட்டும் நின்றார்.

"ஐயா" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி. "பேண்டுக்காரங்க பீர் குடிக்க எறங்குனாங்க. அந்தப் பக்கக் கதவு தெறந்தே கெடக்கு. நான் கடைசிப் பெட்டியில டிக்கெட் பாக்கப் போறேன். அங்க யாரும் இல்ல. ஆனா ரொம்ப நிதானமாப் பாப்பேன்."

"டிக்கெட் ப்ரெகென்ஸ் வரைக்கும் வாங்கியிருக்கேன்" என்றேன்.

"அது உங்க பக்கம்தானே நஷ்டம். ரயில்வேக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

அது நியாயமாகப் பட்டது. நான் சூனியக்காரியை முதுகில் தூக்கி, அவள் கைகளை என் கழுத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு இறங்கினேன். விளக்குமாறு இந்த முறை எதிலும் மாட்டவில்லை.

ஆற்றுப் பாலம் நடக்கிற தூரம்தான். பாலத்தின் அந்தப் பக்கம் எல்லைச் சாவடி. ஜன்னலில் திரை போட்டிருந்தது, வாசலில் ஒரு பூந்தொட்டி. யாருமில்லை. சுவரில் மன்றத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. எல்லையில்லாப் பயணத்துக்கு ரயிலில் வாருங்கள் என்று. யாராவது கேட்பார்கள் என்று சற்று நின்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லையைக் கடந்தோம்.

அவ்வளவு கனமில்லை அவள். ஆனால் எழுபத்தெட்டு வயது முதுகுக்கு வைக்கோலும் போதும். கால் தளர ஆரம்பித்தபோது பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. இழுவைப் பெட்டி நிறையப் பழைய கிறிஸ்துமஸ் மரங்கள், ஏதோ ஓர் ஊர்ச் சொக்கப்பனைக்கு. ஓட்டியவர் முன்பின் தெரியாத விவசாயி.

"எந்த ஊரு நெருப்புக்குப் பெரியவரே?"

"மிட்டல்ரீட்."

"மணி அடிக்கற நேரமாச்சே! ஏறுங்க, ஏறுங்க. அம்மா முன்னாடி என் பக்கத்துல உக்காரட்டும், பின்னாடி காத்து அடிக்கும்."

நான் கேட்கவில்லை, அவராகத்தான் கூப்பிட்டார். ஆகவே ஏறிக்கொண்டேன். கிறிஸ்துமஸ் மரங்களுக்கு நடுவே நின்றபடி ஊருக்குப் போனேன். முன்னால் அவள் தலைத்துணி பறக்க உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் வயலுக்குள் திரும்பும்போது மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஊர் முழுக்கக் கோபுரத்தைச் சுற்றி நின்றது. கிராபர் காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே அந்தக் கடைப் பொம்மையின் நைலான் முடி தெரிந்தது. நெருப்புக்குப் பொறுப்பாளி லாம்பர்ட் கையைக் காதருகே வைத்து மணியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கொலும்பான்! ஓடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான்.

எங்கள் வீட்டில் யாரும் ஓடியதில்லை, சரியான நேரத்துக்குப் போகிறவர்களுக்கு ஓட வேண்டியதில்லை. நான் நடந்தேன். வேகமாக நடந்தேன். அவளைக் கோபுரத்தின் அடியில் நிறுத்தியபோது மணியின் கடைசி ஒலி இன்னும் காற்றில் இருந்தது.

லாம்பர்ட் கிராபரைப் பார்த்தான். "டிக்கிய மூடுப்பா."

"மணி நின்னுடுச்சு" என்றார் கிராபர்.

"நாக்குத்தான் நின்னுச்சு. சத்தம் நிக்கல. மூடு."

இருட்டியதும் கொளுத்தினோம். நெருப்பு ஒழுங்காக ஏறியது. கோபுரம் அசையவில்லை. அவள் வெடித்த சத்தத்தில் வயலோர வீடுகளின் ஜன்னல்கள் அதிர்ந்தன. எல்லாரும் பொரித்த பலகாரமும் ஆப்பிள் மதுவுமாக ஆற்றின் கரைமேட்டில் ஏறி நின்று பார்த்தோம். ஏரியைச் சுற்றிலும் நெருப்புகள். எது எந்த நாட்டு நெருப்பு என்று யாரும் கேட்கவில்லை. செயின்ட் மார்கிரேத்தன் பக்கம் மட்டும் ஒரு வெளிச்ச வரிசை எரியாமலும் அசையாமலும் இருந்தது. அது ரயில்.

மறுநாள் காலை சேவரின் வந்தான். என் அத்தை பேரன், எங்கள் பகுதிப் போலீஸ்காரன். சீருடையில் வந்திருந்தான், தொப்பியைக் கழற்றவில்லை.

"விசாரணைக்கு வந்திருக்கேன் மாமா."

"உக்காந்து விசாரி."

"நேத்து ரயில்ல உங்க கூட ஒரு பொம்பள வந்தாங்களாம். டிக்கெட் வாங்கினதுக்குச் சாட்சி இருக்கு. ஏறினதுக்குச் சாட்சி இருக்கு. எறங்கினத ஒருத்தரும் பாக்கல. பயணி காணோம்னு மன்றம் புகார் குடுத்திருக்கு. ஆத்துல படகு விட்டுத் தேடறாங்க."

"அவளயா? நேத்து சாயங்காலம் கொளுத்திட்டோம்."

"எனக்குத் தெரியும் மாமா. வயித்துல மருந்து வச்சவனே நான்தானே."

"அப்ப அப்படியே எழுது."

அவன் பேனாவைக் கடித்தான். "எரிச்சுக் கொன்னோம்னு எழுதினா நல்லா இருக்காது மாமா."

"ஊர் முன்னிலையில, வழக்கப்படின்னு எழுது. எல்லாருக்கும் பலகாரம் குடுத்தோம்னும் எழுது. அதுவும் உண்மைதான்."

எழுதிக்கொண்டு போனான். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மன்றத்தை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலை துக்கம் விசாரிக்க நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். நேரமும் குறித்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு நான் மேஜையில் கோப்பைகளை வைத்துக் காபி ஊற்றினேன்.

வாசலில் நின்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தலைவரும் மூன்று பிரதிநிதிகளும் மலர்வளையத்தோடு வயல் வழியாக நடந்து வந்தார்கள். ரயிலில் வந்திருந்தார்கள்.

முதலில் சாம்பல் வட்டத்துக்குப் போனோம். ஹாகன்மூலர் மலர்வளையத்தைக் கரியின் மேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"இன்று ஓர் ஒப்பற்ற ஏரிவாசியை இழந்து நிற்கிறோம். மூன்று நாடுகளும் அவரைத் தம்மவர் என்கின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாமதத்தை அவர் பெயரில் எழுதினோம். அவர் கடைசிவரை மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நாங்கள் மறக்க மாட்டோம். இனி வரும் தாமதங்களையும் அவர் பெயரிலேயே எழுதுவதென்று மன்றம் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. அவர் நினைவாக ஒவ்வோர் எல்லையிலும் ஒவ்வொரு ரயிலும் சிறிது நேரம் மௌனமாக நிற்கும்."

பிரதிநிதிகள் தலை குனிந்தார்கள். நான் குனியவில்லை.

ஹாகன்மூலர் என்னிடம் வந்தார். "எல்லா ஸ்டேஷன்லயும் நினைவுப் பலகை வைக்கிறோம். இப்பவாவது குடும்பப் பேர் சொல்லுங்க. இது கௌரவம்தானே?"

"பேர் வேண்டாம். வேற ஒரு வரி போடுங்க."

"சொல்லுங்க."

"மணி அடிச்சு ஓயறதுக்குள்ள வந்து சேர்ந்தாள்."

சுவிஸ்காரர் தொண்டையைச் செருமினார். "அப்படிப் போட்டா, ரயிலவிட்டு எறங்கினதாலதான் நேரத்துக்கு வந்து சேர்ந்தாங்கன்னு அர்த்தம் வருமே."

"வரட்டும்" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதற்கென்று பன்னிரண்டாவது குழு ஒன்று அமைக்கப் போவதாகவும் சொன்னார்கள்.

வீட்டுக்கு அழைத்துப் போனேன். வந்தவர்களை வாசலோடு அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை. காபி மேஜையில் அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்து. நான் அதைச் சூடு பண்ணவில்லை. ஜெர்மானியர் ஜன்னலைப் பார்த்தார். சுவிஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஹாகன்மூலர் கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்திரியப் பிரதிநிதி மட்டும் கோப்பையை எடுத்தார். என்ன இருந்தாலும் எங்கள் ஊர்க்காரர். அடிவரை குடித்துவிட்டுத் தட்டின் மேல் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தார்.

"தாமதம்தான்" என்றார். "எங்களுதுதான்."